சூடு ஆறிய பிறகே சத்தம் கேட்கப்படும்

ஊருக்கு வெளியே புறவழிச் சாலையில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டிடம் இருந்தது. கெட்டுப்போன வண்டிகளை அங்கேதான் கொண்டுபோய் விட வேண்டும். ஆனால் அங்கே போய் ‘வண்டி கெட்டுப்போச்சு’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அது ஒர்க் ஷாப்பும் இல்லை, சர்வீஸ் சென்டரும் இல்லை. வாசல் பலகையின்படி அது ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம்’. தரையில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். ஸ்பானரும் கையுமாக யாரும் குறுக்கே வரமாட்டார்கள். கையில் கறை படிந்தவர்களையெல்லாம் பின்பக்கம் ஒரு சுவருக்கு அப்பால் வைத்திருந்தார்கள். முன்பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் டை கட்டியிருந்தார்கள், எல்லாரும் சிரித்தார்கள். வந்தவருடைய வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தாலும் சிரித்தார்கள்.

இந்த இடத்தில்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் வந்து மாட்டிக்கொண்டார்.

அவருடைய எஸ்.யூ.வி.யில் இன்ஜினைக் குளிர வைக்கும் ஃபேன் கொஞ்ச நாளாகக் கத்த ஆரம்பித்திருந்தது. சாதாரணக் கத்தல் இல்லை. வண்டி சூடேறியதும் பானெட்டுக்குள்ளிருந்து ஹோவென்று ஒரு கூச்சல் கிளம்பும். தெருவில் போகிறவர்கள் விமானம் தாழப் பறக்கிறதோ என்று அண்ணாந்து பார்ப்பார்கள். கூடவே டாஷ்போர்டில் இருக்கும் வெப்ப ஊசி சிவப்பை நோக்கி நகரும்.

அவர் அந்த வண்டியை வாங்கியதே அக்காவுக்காகத்தான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அக்காவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அந்த மெஷின் இருக்கும் ஆஸ்பத்திரியை, நல்ல காற்று வரட்டும் என்று யாரோ ஒரு மகராசன் மலைமேல் கொண்டுபோய்க் கட்டியிருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு போக அக்காவால் முடியாது. ஆட்டோ மலை ஏறாது. டாக்சிக்காரர்கள் மலை என்றதும் ஃபோனை வைத்துவிடுவார்கள். ஒருமுறை மழையில் பாதை அடைபட்டு ஒரு டயாலிசிஸ் தவறிப்போனது. அன்றைக்கு அக்கா உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டு, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினாள். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் கண்ணாடிக்கடைக்காரர். அதற்குப் பிறகு அவருக்கு உலகத்தில் ஒரே பயம்தான். வண்டி நின்றுவிடக் கூடாது.

முதல் தடவை போனபோது ஆலோசகர் ஒருவர் எழுந்து நின்று வணங்கி, காபி கொடுத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

“சொல்லுங்க சார். உங்க மகிழ்ச்சிக்கு என்ன குறை?”

“இன்ஜின் ஃபேன் பயங்கரமா சத்தம் போடுதுங்க. ஊசியும் மேல ஏறுது.”

ஆலோசகரின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. “சார், தப்பா நினைக்காதீங்க. ஃபேன்னு நீங்க சொல்லக் கூடாது. எதுலேருந்து சத்தம் வருதுன்னு கண்டுபிடிக்கறது எங்க உரிமை. நீங்க சத்தத்தை மட்டும் சொன்னா போதும்.”

“சரி, பெரிய சத்தம்.”

“எப்படிப்பட்ட சத்தம்? கொஞ்சம் செஞ்சு காட்டுங்க.”

கண்ணாடிக்கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். சோபாக்களில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வயது ஐம்பதைத் தாண்டியவர், கடையில் நாலு பேர் மதிக்கும் மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஹோ” என்றார்.

“இன்னும் கொஞ்சம் மனசுவிட்டு.”

“ஹோஓஓஓ!”

சோபாவில் இருந்த குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது. ஆலோசகர் திரையை மேலும் கீழும் உருட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “கிரீச் இருக்கு, கடகட இருக்கு, டொக்டொக் இருக்கு, உஸ் இருக்கு. ஹோ இல்லையே சார்.”

“இல்லாட்டி என்னங்க, எழுதிக்குங்க.”

“இல்லாத சத்தத்தை எப்படி எழுதறது? உஸ்ஸுன்னு போட்டுடறேன். கிட்டத்தட்ட வந்துடும்.”

உஸ் என்பது டயர் இலாகா. டயர் இலாகா வண்டியை எடுத்துப்போய், டயர்களில் காற்றை இறக்கி, மறுபடியும் ஏற்றி, உஸ் இல்லை என்று உறுதி செய்தது. கடைசியில் வண்டியை நுரை போட்டுக் கழுவிக் கொடுத்தார்கள். அந்த மையத்தில் இது ஒரு வழக்கம். மனக்குறையோடு வருகிற வாடிக்கையாளரின் வண்டியை இலவசமாகக் கழுவிக் கொடுப்பார்கள். அதற்கு ‘மன்னிப்புக் கழுவல்’ என்று பெயர். குறை எவ்வளவு பெரியதோ, குழாயில் தண்ணீரின் வேகத்தையும் அவ்வளவு கூட்டுவார்கள். முகப்பில் பூச்சி, தூசி ஒட்டியிருந்தால் வாடிக்கையாளர் மனம் நோகும் என்பதால் முகப்பை மட்டும் ரொம்பக் கிட்டே வைத்து அடிப்பார்கள்.

பளபளவென்று வந்த வண்டி வீடு போய்ச் சேர்வதற்குள் முன்னைவிட அதிகமாகக் கத்தியது.

இரண்டாம் தடவை அவர் கொஞ்சம் கோபமாகவே போனார். வந்தவரின் கோபம் கூடினால் அங்கே சிரிப்பும் கூடும் போலிருக்கிறது. ஆலோசகர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து, “கவலைப்படாதீங்க சார், இந்த வாட்டி காது சாரையே வரச் சொல்லியிருக்கோம்” என்றார்.

காது சார் என்பவர் அந்த மையத்தின் ஒலி அலுவலர். அவருக்கென்று தனி அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை: ‘சூடு ஆறிய பிறகே சத்தம் கேட்கப்படும்.’ கழுத்தில் டாக்டர்கள் மாட்டுவது போன்ற ஒரு குழாயைத் தொங்கவிட்டிருந்தார். அவர் நடந்து வந்தால் மற்றவர்கள் பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

வண்டி காலையிலிருந்து ஆறிக் கிடந்தது. காது சார் பானெட்டைத் திறக்கச் சொல்லி, கண்ணை மூடி, குழாயை இன்ஜின்மேல் வைத்து, “ஸ்டார்ட்” என்றார். வண்டி உறுமியது. கொஞ்ச நேரம் ஆனதும் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர், “ஊசி அசையுது சார்” என்றார்.

“ஆஃப்!” என்று கத்தினார் காது சார். வண்டி அணைந்தது. அவர் கண்ணைத் திறந்து, “சத்தம் இல்லை” என்று தீர்ப்புச் சொன்னார்.

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தலை சுற்றியது. “சார், சூடானாத்தானே அந்த ஃபேனே சுத்தும்? நீங்க சூடாகறதுக்கு முன்னாடியே அணைச்சுட்டா எப்படிக் கேக்கும்?”

“சூடான இன்ஜின்கிட்ட போகக் கூடாது. பாதுகாப்பு விதி. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையைப் பொசுக்கிக்கிட்டார்.”

“பாவம். மெக்கானிக்கா?”

“இல்ல, இந்த விதியைப் போட்ட ஜி.எம்.”

“அப்படின்னா என் வண்டி சத்தத்தை யார்தான் சார் கேப்பாங்க?”

காது சார் குழாயை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் பெருமை வழிந்தது. “இத பாருங்க. இந்த நாற்காலிக்கு வந்ததுலேருந்து ஒரு வண்டியிலகூட நான் சத்தம் கேட்டதில்ல. எனக்கு முன்னாடி இருந்தவருக்கு எல்லாம் கேக்கும். அவரை வேலையைவிட்டே எடுத்துட்டாங்க.”

சத்தம் இல்லை என்று சான்றிதழ் கிடைத்தது. வண்டியை இன்னும் வேகமான தண்ணீரில் கழுவிக் கொடுத்தார்கள். அடுத்த டயாலிசிஸுக்கு மலை ஏறும்போது, வளைவுக்கு வளைவு நிறுத்தி ஆறவைத்து ஆறவைத்துப் போக வேண்டியிருந்தது. அக்காவின் முறை வருவதற்குச் சற்று முன்னால்தான் போய்ச் சேர்ந்தார்கள். தாமதமானால் அவளுடைய டயாலிசிஸ் நாற்காலியைக் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, காத்திருப்பவருக்கும் அதே நோய்தான்.

“டேய் தம்பி, நீ அந்த இடத்துக்குப் போக வேண்டாம்டா. வேற எங்கயாவது காட்டு” என்றாள் அக்கா.

“வேற எங்க போனாலும், கம்பெனி சாமான் எங்ககிட்ட கிடைக்காது, அங்கயே போங்கன்னு சொல்றாங்கக்கா. நான் என்ன செய்ய?”

மூன்றாம் தடவை அவர் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். வண்டியை நன்றாகச் சூடேற்றி, ஃபேன் கத்திக்கொண்டிருக்கும்போதே மையத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தார். சாலையை மூன்று சுற்றுச் சுற்றினார். வண்டி ஹோவென்று அலறிக்கொண்டு வாசலுக்கு வந்தது. காவலாளி ஓடி வந்து சங்கிலியைக் குறுக்கே மாட்டினார்.

“சூடான வண்டி உள்ள வரக் கூடாதுங்க. ஆறவைக்கிற கொட்டகைக்குப் போங்க.”

கொட்டகை வாசலை ஒட்டியே இருந்தது. அதற்கும் கட்டிடத்துக்கும் நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் காது சார் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். வண்டி போட்ட கூச்சலில் அவர் கையிலிருந்த காபிக் கோப்பை நடுங்கியது.

“காது சார்! இப்பக் கேக்குதா?” என்று கண்ணாடிக்கடைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

“என்ன?”

“சத்தம் கேக்குதான்னேன்!”

“நீங்க சொல்றதே கேக்கலையே, ஒரே சத்தமா இருக்கு!” என்று பதிலுக்குக் கத்தினார் காது சார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு குனிந்து மஞ்சள் கோட்டைக் காட்டினார். “அது கொட்டகை சார். என் காதோட எல்லை இந்தக் கோடு வரைக்கும்தான்.”

கண்ணாடிக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே குந்தினார். பெரிய மனிதர் ஒருவர் இப்படி வாசலில் உட்கார்ந்திருப்பது மகிழ்ச்சி மையத்துக்கு அழகில்லை என்று பட்டதோ என்னவோ, ஆலோசகர் வந்து கைத்தாங்கலாக மாடிக்கு ஜி.எம். அறைக்கு அழைத்துப் போனார்.

ஜி.எம். அன்பான மனிதர். வலது கையில் ஒரு பழைய தழும்பு இருந்தது. அந்தக் கையாலேயே கண்ணாடிக்கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“உங்க வேதனை எனக்குப் புரியுது. நாங்க ஒரு குடும்பம். ஆனா நீங்க ஒண்ணை யோசிக்கணும். சத்தம் இருக்குன்னு நாங்க ஒத்துக்கிட்டோம்னு வைங்க. அது ஏன் வருதுன்னு பாக்கணும். ஏன் வருதுன்னு பாத்தா, அதைச் சரிபண்ணணும். இப்படி ஒவ்வொரு வண்டியா சரிபண்ணிக்கிட்டு உக்காந்தா, வாடிக்கையாளரை மகிழ்விக்க எங்களுக்கு ஏதுங்க நேரம்? போன வருஷம் நாட்டிலேயே அதிக மகிழ்ச்சி தர்ற மையம்னு விருது வாங்கினோம். அதை வாங்கறதுக்காக நாலு மாசம் ரிப்பேருக்கு வண்டியே எடுக்கல தெரியுமா?”

“சார், என் அக்காவை நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வண்டி மலையில நின்னா அவ உயிருக்கே ஆபத்து சார்.” அவர் குனிந்தார். “கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“சேச்சே. விழறதெல்லாம் வேண்டாம், தரை வழுக்கும்” என்றார் ஜி.எம். “உங்களுக்காகவே மிக உயர்ந்த பரிசோதனை ஒண்ணு இருக்கு. அதைச் செஞ்சுடலாம்.”

மிக உயர்ந்த பரிசோதனை கண்ணாடிக்கடைக்காரருக்குத்தான் நடந்தது. ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கீச்சுக்கீச்சென்று ஒலிகளை எழுப்பி, கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கினார். எதற்கு என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. அக்காவுக்காக அன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் செய்திருப்பார். வெளியே வந்தபோது ஆலோசகர் கைகுலுக்கினார்.

“நல்ல செய்தி சார். குறையைக் கண்டுபிடிச்சாச்சு. உங்க காது ரொம்ப நல்லா இருக்கு. ஒரு சராசரி வாடிக்கையாளருக்குத் தேவையானதைவிட அதிகமாவே கேக்குது.”

“அதனால?”

“அதனால வண்டி மேல தப்பில்ல. நாளைக்குக் காலையில மகிழ்ச்சியோட ஒப்படைச்சுடறோம்.”

“இப்பவே குடுத்துடுங்களேன்.”

“குறை தீராத வண்டி இந்த வாசலைத் தாண்டக் கூடாது சார். விதி. நாளைக்கு ஒப்படைப்பு விழாவுல குறை தீந்துடும்.”

மறுநாள் காலையில் அவர் அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேராக மையத்துக்கே வந்தார். அங்கிருந்து அப்படியே மலைக்குப் போய்விட வேண்டும். அக்காவின் கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. வெறுங்காலோடு வந்திருந்தாள். நாலு வார்த்தை பேசினால் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். பார்க்கப் பார்க்க அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கூடத்தின் நடுவே வண்டி நின்றது. மூன்றாவது மன்னிப்புக் கழுவல் முடிந்து ஜொலித்தது. பானெட்டின்மேல் ரிப்பன். பக்கத்தில் மைக். ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். அட்டையில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“விழா எல்லாம் வேண்டாங்க, சாவியைக் குடுங்க. நேரமாச்சு” என்று ஆலோசகரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

“அஞ்சே நிமிஷம் சார். அம்மாவை வண்டியில உக்கார வெச்சுடுங்க. ஏ.சி. போட்டுடறோம், ஜிலுஜிலுன்னு இருக்கும்.”

அக்காவை முன்சீட்டில் ஏற்றினார்கள். ஏ.சி. வேண்டுமென்றால் இன்ஜின் ஓட வேண்டும். இன்ஜினை ஓட விட்டார்கள். ஒப்படைப்பு விழாவில் வாடிக்கையாளரின் சொந்தங்களுக்கு வியர்க்கக் கூடாது என்பது ஒரு விதி. சூடான வண்டி கட்டிடத்துக்குள் இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஜி.எம். மைக்கைப் பிடித்தார். “அன்பர்களே, இந்த வாடிக்கையாளர் கண்ணீரோட வந்தார். இன்னைக்கு...” என்று ஆரம்பித்து, மையத்தின் வரலாறு, விருதுகள், அவற்றை வழங்கியவர்கள், வழங்கியவர்களின் குடும்பங்கள் என்று போய்க்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி நகர்ந்தது.

திடீரென்று ஹோவென்று கிளம்பியது ஃபேன்.

மூடிய கூடத்துக்குள் அந்தக் கூச்சல் சுவருக்குச் சுவர் மோதியது. ரிப்பன் படபடவென்று அடித்துக்கொண்டது. அட்டைச் சாவியைப் பிடித்திருந்தவர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்துவிட்டது. கடைசியில் எல்லார் காதிலும் விழுந்துவிட்டதே! திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஜி.எம். மைக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு கத்தினார்.

“இந்த வண்டியில! எந்தச் சத்தமும்! இல்லைன்னு! நம்ம காது சார்! சான்றளிச்சிருக்கார்!”

எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டியது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, காதுக்குக் கேட்கவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் பாய்ந்துபோய்க் காது சாரின் சட்டையைப் பிடித்தார். “இப்ப சொல்லுங்க! கோட்டுக்குள்ளதானே இருக்கு! கேக்குதா இல்லையா?”

காது சாரின் கண்கள் கலங்கியிருந்தன. அவர் கண்ணாடிக்கடைக்காரரின் காதருகே வாயைக் கொண்டுவந்தார். “கேக்குது சார். எனக்கு ஆரம்பத்துலேருந்தே கேக்குது. பொண்ணு காலேஜ்ல படிக்கிறா. என்னை விட்டுடுங்க.”

கண்ணாடிக்கடைக்காரர் பிடியை விட்டார். அதற்குள் மைக் அவர் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. ஜி.எம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. வாடிக்கையாளர் தன் வாயால் பதில் சொன்னால்தான் குறை தீர்ந்ததாக அர்த்தம், அப்போதுதான் வாசல் சங்கிலி இறங்கும்.

“சார்! வண்டியில! சத்தம்! இருக்கா?”

கண்ணாடிக்கடைக்காரர் வண்டிக்குள் பார்த்தார். அக்கா தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

“இல்ல!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். அந்த ஃபேனை மீறிக் கேட்க வேண்டுமே. வாழ்நாளில் அவ்வளவு உரக்க அவர் பொய் சொன்னதே இல்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. அழுகையோடு அட்டைச் சாவியை வாங்கி, போட்டோவுக்கு நின்று, நிஜச் சாவியையும் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

மலை அடிவாரத்திலேயே ஊசி சிவப்பைத் தொட்டது.

“டேய், ஏ.சி.யை அணை. ஹீட்டரைப் போடு. முழுசா வை” என்றாள் அக்கா.

“அக்கா, உனக்கே மூச்சு முட்டுது. இதுல ஹீட்டரா?”

“இன்ஜின் சூட்டை... கொஞ்சம் நாம வாங்கிக்கலாம். போடுடா. ஜன்னலைத் திற.”

உள்ளே அனல் அடித்தது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். ஊசி மனசில்லாமல் ஒரு மயிரிழை இறங்கியது. நாலாவது வளைவில் மறுபடியும் ஏறி, பானெட்டின் இடுக்கில் ஆவி எட்டிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் ஓரம் கட்டினார்.

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, முகப்புக் கம்பிகளுக்கு முன்னால் மண்டியிட்டுக் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார். அன்றைக்கு வரை அவர் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. பார்ப்பது எங்கள் உரிமை என்று சொல்லிவிட்டிருந்தார்களே. ரேடியேட்டர் முகத்தில் காற்றுப் போவதற்காக வரிவரியாக இருக்கும் மெல்லிய தகடுகள் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. வேகமான தண்ணீர் பட்டுப் பட்டு எல்லாம் ஒரே பக்கமாக மடங்கி, படிந்து, இடைவெளியே இல்லாமல் சுவர்போல மூடிக் கிடந்தன. ஊசி நுழையவும் இடமில்லை. முதலில் மலைப்பாதைத் தூசி கொஞ்சம் அடைத்திருக்கும், அவ்வளவுதான். அவர் குறை சொல்லச் சொல்ல அவர்கள் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் மன்னிப்புக் கேட்கக் கேட்க வண்டிக்கு மூச்சு அடைத்திருக்கிறது.

“அக்கா! கழுவிக் கழுவியே அடைச்சுட்டாங்கக்கா!”

அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “அப்ப ஃபேன் மேல... தப்பே இல்லடா. சூடு வெளிய போக வழியில்லாம... அது தன்னால ஆன மட்டும் சுத்தியிருக்கு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அந்தக் கட்டடத்துக்குள்ள ஒழுங்கா வேலை பாத்தது... அது ஒண்ணுதான்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டைப்பையைத் துழாவினார். மூக்குக்கண்ணாடித் திருகாணிக்கான குட்டி ஸ்க்ரூடிரைவர் கையில் கிடைத்தது. கம்பி இடுக்கில் கையை நுழைத்து, ஒரு தகட்டை நிமிர்த்தினார். இன்னொன்றை நிமிர்த்தினார். விரல் சுட்டது. விடவில்லை. கண்ணீர் வந்து கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு அடுத்ததை நிமிர்த்தினார்.

“எத்தனை ஆயிரம் இருக்கு தெரியுமாடா? வா. வந்து வண்டியை எடு.”

“கொஞ்சம் காத்து போனாக்கூடப் போதும்க்கா. கொஞ்சம்...”

“தம்பி.” அக்கா குரலை உயர்த்தவில்லை. “என்னால முடியல.”

அவர் எழுந்தார். வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. ஊசியைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். ஃபேன் அலறியது, ஆவி கண்ணாடியை மறைத்தது, கருகல் வாடை வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி தானாகவே உயிரை விட்டது. அவர் அக்காவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியேறினார்.

நாற்காலியில் வேறொருவரை உட்கார வைப்பதற்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் அக்காவின் முகத்தைப் பார்த்தார், காத்திருந்தவரின் முகத்தைப் பார்த்தார். உட்கார எழுந்த அந்த மனிதர் தானாகவே, “அவங்களை முதல்ல பாருங்க சிஸ்டர்” என்று நகர்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்தது. மூச்சு மெல்ல மெல்லச் சீராகியது. கண்ணாடிக்கடைக்காரர் நனைந்த சட்டையோடு, பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகள் கொப்பளித்திருந்தன. எதையும் நினைக்கத் தெம்பில்லை.

அப்போது அக்காவின் மெஷின் ‘டிட், டிட்’ என்றது. சின்னச் சத்தம். பக்கத்தில் இருந்தவருக்கே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும்.

கூடத்தின் மறுகோடியில் வேறொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் சட்டென்று திரும்பினார். பக்கத்தில் இருந்த இன்னொரு நர்ஸிடம் அந்தக் கட்டை ஒப்படைத்துவிட்டு விறுவிறுவென்று வந்தார். மெஷினைப் பார்த்தார், குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தார். அக்காவின் முழங்கைக்கு அடியில் அது மடங்கியிருந்தது. கையை லேசாகத் தூக்கி, குழாயை நேராக்கினார். சத்தம் நின்றது. ஆனாலும் உடனே போய்விடவில்லை. திரும்ப வருகிறதா என்று தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு போனார்.

கண்ணாடிக்கடைக்காரர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அக்கம்பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“டேய், என்னடா? எனக்கு ஒண்ணும் இல்லடா. குழாய்தான் மடங்கியிருந்துச்சு” என்றாள் அக்கா.

“தெரியும்க்கா” என்றார் அவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சத்தம் கேட்டு வந்தாங்கக்கா” என்றார்.